தூண் சாயும் பக்கம்

அன்பு மகன் தினேசுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்தச் சொல்லுக்குக் கை வர மறுக்கிறது. இருக்கிறோம், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் பிள்ளைகள் எல்லாம் பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் தூங்குகிறார்கள். அவர்களுடைய அம்மாமார் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது, அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். பாக்கியம் அக்காவின் பேத்தி இன்று சாயங்காலம் கொழும்பு பஸ் ஏறுகிறாள். நீ வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கே வந்து இதை உன் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கிடைத்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி. பாதியில் ஃபோனை எடுக்காதே. உன் அவசரப் புத்தி எனக்குத் தெரியாதா, என் வயிற்றில் பிறந்ததுதானே.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீட்டில் ஃபோன் அப்பாவிடம் இருக்கிறது. நீ கூப்பிட்டால் லயத்து வரிசை வீடெல்லாம் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உட்காருகிற மனுசன். வேறு யாருடைய ஃபோனிலாவது பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ என்னோடு நாலு வார்த்தை வாதாடிவிட்டு, அடுத்த நிமிடமே அவரைக் கூப்பிட்டு, "அப்பா, அம்மா என்னமோ சொல்றாங்களே" என்று ஆரம்பித்திருப்பாய். அத்தோடு காரியம் கெட்டிருக்கும். கடிதத்தில் என்னை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண் நகர்கிறது. அந்த மண்ணை வெட்டித்தான் உன் அப்பா உனக்கும் நீ கட்டிக்கொள்ளப் போகிற சுகந்திக்கும் அறை கட்டிக்கொண்டிருக்கிறார்.

நீ டெலஸ்கோப்பைக் கொண்டுவந்த லீவை நினைத்துப் பார். கொழும்பில் யாரோ ஒரு பெரியவர் வீடு காலி செய்யும்போது கொடுத்தார் என்று, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டயகம பஸ்ஸில் வந்து இறங்கினாய். "என்ன தம்பி, பீரங்கியா?" என்று கண்டக்டர் கேட்டாராம். அதன் மூன்று காலும் நம் பின்வாசல் சரிவில் ஒழுங்காக நிற்கவில்லை. உடனே அப்பா போய், எங்கேயோ கிடந்த பழைய இரும்புக் குழாயை உருட்டிக்கொண்டு வந்தார். அடுப்படிக்குப் பின்னால் மேட்டில், கூரைக்கு மேலாக எதிர்மலை தெரிகிற இடத்தில் குழி வெட்டினார். குழாயை நட்டு, சீமெந்து ஊற்றி, தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து நிமிர்த்தினார். "இந்தா பாரு, மலையே அசைஞ்சாலும் இது அசையாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு அது பெருமைப் பேச்சு.

அந்தத் தூணின் தலையில் டெலஸ்கோப்பைப் பூட்டி, நீ இரண்டு வெள்ளைக் கோடு போட்டாய். தூணில் ஒன்று, திரும்புகிற பாகத்தில் ஒன்று. "அம்மா, இந்த ரெண்டு கோடும் ஒண்ணா நிக்கிறப்போ, எதிர்மலை டவர்ல இருக்கிற செவப்பு லைட் சரியா நடுவுல தெரியணும். அப்படித் தெரிஞ்சா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். அதுக்கு அப்புறம்தான் வானத்தைத் தேடணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தாய். எதுவும் தெரியாமல் போனால் ஆட்டக் கூடாது, ஆட்டம் அடங்கும்வரைக்கும் காத்திருந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னாய். கல்யாணத்துக்கும் அதையே வைத்துக்கொள். சுகந்தி முகத்தில் ஒன்றும் பிடிபடாத நாட்கள் வரும். அன்றைக்குப் போட்டு உலுக்காதே, கொஞ்சம் பொறுத்துப் பார்.

அன்று சாயங்காலம் லயத்துச் சனம் முழுக்க நம் பின்வாசலில் வரிசை நின்றது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேற்கே இருட்டுவதற்குள் நீ ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துவிட்டு, "இதுதான் சனி" என்றாய். அவ்வளவுதான், வரிசை இரண்டு அடி பின்னால் போய்விட்டது! கோவிலில் நவக்கிரகம் சுற்றும்போதுகூட சனீஸ்வரனுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிற சனம் நாம். அவரைப் போய்க் கண்ணுக்குக் கண் பார்ப்பதா? பாக்கியம் அக்காதான் துணிந்து வந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குனிந்தாள். "டேய் தம்பி, நான் அவரைப் பாக்குறப்போ அவரு என்னையப் பாக்க மாட்டாருல்ல?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "அக்கா, அவருக்கு நம்ம இங்க இருக்கிறதே தெரியாது" என்றாய். "அது போதும்டா சாமி, தெரியாமலே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா கண்ணைத் திறந்தாள்.

நான் பார்த்தபோது ஒரு பாசிமணியில் ஊசி குத்தி நிறுத்தியது போல இருந்தது. அந்த ஊசிதான் வளையம், இந்த வருசம் பக்கவாட்டில் தெரிவதால் அப்படி மெலிந்து இருக்கிறது என்றாய். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போனது. "ஐயோ, ஓடுதுடா" என்றேன். "அது ஓடலம்மா, நம்ம நிக்கிற தரைதான் சுத்துது" என்றாய். உன் அப்பா மட்டும் பார்க்கவே இல்லை. கோவிலில் நிற்கிற மாதிரியே ஒதுங்கி நின்று, "நல்ல புள்ளயப் பெத்தேன், சனியனை வீட்டுக்கே கூட்டிட்டு வந்திருக்கான்" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

நீ போன பிறகு எனக்கு அது பழக்கமாகிவிட்டது. பிள்ளைமடுவம் பூட்டி வந்து, முகம் கழுவி, விளக்கு வைத்துவிட்டு, வானம் வெளித்திருந்தால் தூணிடம் போவேன். இரண்டு கோட்டையும் சேர்ப்பேன், டவர் லைட் நடுவில் நிற்கும், பிறகு சனியைத் தேடுவேன். நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கிறவளுக்கு அது ஒரு நிம்மதி. "வயசான காலத்துல சோசியம் படிக்கிறியா?" என்று அப்பா கேலி செய்வார்.

பிறகு அந்த மழை வந்தது. நீயும் கொழும்பில் இருந்து நியூஸ் பார்த்துவிட்டு, நாளெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். மழை விட்டு வானம் தெளிந்த முதல் சாயங்காலம் நான் கோட்டைச் சேர்த்தேன். டவர் லைட் நடுவில் இல்லை, கொஞ்சம் ஓரமாக நின்றது. பிள்ளைகள் யாரோ தொங்கி விளையாடியிருப்பார்கள் என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னபோது, "போல்ட் லூசாயிருக்கும்மா" என்றாய். அடுத்து வானம் வெளித்த நாளில் லைட் இன்னும் ஓரத்துக்குப் போயிருந்தது. நான் பாக்கியம் அக்காவிடம் வாயை விட்டேன். அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "நான் அன்னைக்கே சொல்லல? நேருக்கு நேர் நின்னு பாத்தா அவரு சும்மா விடுவாரா? உன் மகனுக்குக் கல்யாண நேரம் வேற. எள்ளு வெளக்குப் போடு புள்ள" என்றாள்.

போட்டோம். சனிக்கிழமை தூணின் சீமெந்துத் திட்டில் அகல் வைத்து, எள்ளைத் துணியில் முடிந்து, நல்லெண்ணெய் விட்டு ஏற்றினோம். எண்ணெய் எல்லாம் ஒரே பக்கமாக ஓடி வழிந்து விளக்கு அணைந்துவிட்டது. பூசாரி வந்து பார்த்துவிட்டு, "வெளக்கை ஏத்துக்கல, மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு" என்றார். அடுத்த சனிக்கிழமை லயத்துப் பெண்கள் பாதிப் பேர் விளக்கோடு வந்தார்கள். யாரோ தூணுக்குக் கறுப்புத் துணி சுற்றினார்கள். எல்லா அகலிலும் எண்ணெய் ஒரே பக்கம்தான் வழிந்தது. அணையாமல் இருக்க, வழிகிற பக்கத்தில் அகலுக்கு அடியில் சின்னச் சின்னக் கல்லாக முட்டுக் கொடுத்தோம். நானும்தான் கொடுத்தேன் மகன். எண்ணெய் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்று அத்தனை பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. கல்லை எடுத்து வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து நான் அடுப்பு மூட்டினேன். திரும்பிப் பார்த்தால் கறுப்புத் துணி சுற்றிய தூண் என் அடுப்படியை எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது. எண்ணெய் வழிந்த பக்கமும் அதுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிராம சேவகரும் மண்சரிவு பார்க்கிற ஒரு பெண் அதிகாரியும் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். மேட்டில் ஏறிப் பார்த்தார்கள். தேயிலைக்குள் ஒரு வெடிப்பு ஓடுவதை அந்தப் பெண் காட்டினாள், என் கை உள்ளே போகும் அகலம். "அம்மே, வஹினகொட மெஹெ இன்ன எபா" என்றாள் சிங்களத்தில், மழை நேரத்தில் இங்கே இருக்க வேண்டாம் என்று. சரிவை வெட்டவே கூடாது என்றும் சொன்னாள். "கொஹெத யன்னே, நோனா?" என்று கேட்டார் அப்பா. எங்கே போவது என்ற கேள்விக்கு அவள், பாவம், பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். அன்றிலிருந்து மழை இருட்டினால் லயத்துச் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. பாக்கியம் அக்கா றொசல்லையில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டாள். உன் அப்பா மட்டும் போகவில்லை. அவரை விட்டுவிட்டு நானும் போகவில்லை.

அவருக்குத் தெரியாது என்று நினைக்காதே. வாழ்நாள் முழுக்க இந்த மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிய மனுசன் அவர், தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. லயத்துக்கு மேலே இருக்கிற பெரிய கான் மழை பெய்தால் எப்படி இரையும் என்று உனக்குத் தெரியும். இப்போது எவ்வளவு பெய்தாலும் அதில் சத்தமே இல்லை. தண்ணீர் கானுக்கு வருவதில்லை, நடுவிலேயே மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு நாள் விடியற்காலையில் அவர் மேலே போய், கானுக்குள் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். இறங்கி வந்தவர் தேத்தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

பிறகு ஏன் இந்தப் பிடிவாதம் என்று உனக்குக் கோபம் வரும். நான் கல்யாணம் கட்டி வந்தபோது அந்த ஒற்றை அறைக் காம்பராவில் உன் தாத்தா, பாட்டி, சித்தப்பாமார், அத்தை எல்லாரும் இருந்தார்கள். எங்களுக்கு மூலையில் ஒரு சேலையைக் கட்டி மறைத்திருந்தார்கள். யாராவது இருமினால் அந்தச் சேலை ஆடும். வந்த கொஞ்ச நாளிலேயே நான் அதைப் பார்த்து அழுதேன். அதற்கு அவர், "அழுவாத. என் மகன் பொண்டாட்டி கூட்டிட்டு வர்றப்போ சேலை கட்ட விடமாட்டேன். தனி ரூம்பு கட்டி வைப்பேன்" என்றார். நீ பிறக்கவே இல்லை, அதற்குள் மகனுக்கு அறை! நான் அழுகையை விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உனக்கு ஒன்று சொல்கிறேன் மகன், சுகந்தியின் கண்ணீரைப் பார்த்துப் பெரிய வாக்கு எதையும் கொடுத்துவிடாதே. நான் மறந்துபோன ஒரு வார்த்தை இத்தனை வருசம் கழித்து அந்த மனுசனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பெண் அதிகாரி போன மறுநாளே அவர் மண் குத்துகிற அலவாங்கை எடுத்துவிட்டார். வெட்டாதே என்றார்களே என்று நான் கத்தினேன். "தை மாசம் மருமக வருவா. உடப்புசல்லாவையில அவங்க கல்லு வீட்டுல இருக்குறவங்க. இங்க வந்து லயத்துக் காம்பராவுல பாய் விரிக்கச் சொல்லவா?" என்று என்மேல் பாய்ந்தார். அடுப்படிக்குப் பின்னால் சரிவின் அடியை ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார். தூண் இப்போது அந்த வெட்டுக்கு மேலே விளிம்பில் நிற்கிறது. எதிர்மலை தெரிகிற மூலையாகப் பார்த்து ஜன்னல் வைக்கப் போகிறாராம், சுகந்தி காலையில் எழுந்ததும் மலையைப் பார்ப்பாளாம். கதவுக்குப் பலகைகூட எடுத்து, நனையாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் வானம் வெளித்தது. சனி இப்போது எதிர்மலைக்கு ரொம்பப் பக்கத்தில் இறங்கிவிட்டது, சீக்கிரம் கண்ணுக்குப் படாமல் போய்விடும் என்று நீ சொல்லியிருந்தாயே. நான் கோட்டைச் சேர்த்துப் பார்த்தேன். டவர் லைட் உள்ளேயே இல்லை. கோட்டைப் பார்க்காமல் நானாகத் திருப்பித் தேடிக் கண்டுபிடித்து, நடுவில் நிறுத்தி, ஆணியை இறுக்கினேன். கீழே அப்பா அலவாங்கால் குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் அந்தச் சிவப்பு நடுங்கியது. நான் இறங்கிப் போய் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்த்தேன். சனி என்றால் ஓடும், தரை சுற்றுகிறது என்று சொல்லலாம். டவரும் நாமும் ஒரே தரையில்தானே இருக்கிறோம்? அந்த லைட் நடுவை விட்டு விலகி நின்றது. அதற்குள் அப்பா வேலையை நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் குத்தவில்லை, காற்றும் இல்லை. இருந்தும் நான் பார்த்துக்கொண்டிருக்க, அது இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"இங்க வாங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, முகத்தைத் துடைக்காமலே ஏறி வந்தார். முதல் தடவையாக அந்த டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், கறுப்புத் துணியைத் தடவிக்கொண்டு, "தூணு சரியில்ல. நாளைக்கு நிமித்திடுறேன்" என்றார். "தூணா சரியில்ல?" என்று கேட்டேன். "சோறு தீயுது பாரு" என்றார். இன்று காலையில் நான் எழும்போது அவர் தூணைத் தொடவே இல்லை. வெட்டின பள்ளத்தில் அறைக்கு முதல் வரிசைக் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

இனி அந்த மனுசனிடம் மண்ணைப் பற்றிப் பேசிப் பிரயோசனம் இல்லை. நீ சொன்னாலும், அரசாங்கமே வந்து சொன்னாலும், அவருக்குத் தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்வீர்கள். அறை வேண்டும் என்பதால்தான் அவர் அங்கே நிற்கிறார். அது வேண்டாம் என்று ஆகிவிட்டால் அங்கே நிற்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. அதை அவரிடம் சொல்லக்கூடியவன் நீ ஒருத்தன்தான். ஆபத்து என்று சொல்லாதே, "நான் இருக்கேன், நீ பயப்படாத" என்பார். அவருக்காகப் பயப்படுகிறாய் என்றும் சொல்லாதே, இன்னும் நாலு கல் கூட வைப்பார். நீ பொய் சொல்ல வேண்டும் மகன். லயத்தில் கொண்டுவந்து வைக்க உனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொல். சுகந்தி வீட்டார் அந்த அறையைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சிரித்தார்கள் என்று சொல். தாலி கட்டினதும் நேரே கொழும்புக்குப் போய்விடுவோம், அந்த வீட்டில் ஒரு இராத்திரிகூடத் தங்க மாட்டோம், கட்டுகிறதை நிறுத்துங்கள் என்று சொல். சுகந்தியிடம் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடு. வீட்டுக்கு வருமுன்னே அவள் பெயரைக் கெடுக்கிறேன், என்னை மன்னிக்கச் சொல்.

அவர் மனசு உடைந்துபோகும். தெரிந்துதான் கேட்கிறேன். உன்னைக் கண்டபடி திட்டுவார், கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பார், ஃபோனைத் தூக்கி எறிவார். எறியட்டும். திட்டுவதற்கு அந்த வாய் இருக்கட்டும். கோபம் வந்தால் அவர் வீட்டில் இருக்க மாட்டார், விறுவிறு என்று ரோட்டுக்கு இறங்கிவிடுவார். அப்படி இறங்கினால் நான் பாயையும் அந்தக் கதவுப் பலகையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிடுவேன். பிறகு ஒரு நாள், மலை என்ன செய்யப் போகிறதோ அதைச் செய்து முடித்த பிறகு, நீ வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லலாம். அதுவரைக்கும் என்மேல் ஆணையாக வாய் திறக்காதே.

தொட்டிலில் ஒன்று அழ ஆரம்பித்துவிட்டது. வெளியே மழைமேகம் மலை உச்சியை மூடிக்கொண்டு வருகிறது, நாளைக்கு இறங்கும் போல் இருக்கிறது. படித்து முடித்ததும் என்னைத் தேடாதே, அப்பாவைக் கூப்பிடு. வழக்கம் போல ஸ்பீக்கரில் போடுவார். "என்னடா மகன்" என்று கல் வைத்த கையைத் துடைத்துக்கொண்டு சந்தோசமாகத்தான் கேட்பார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்படியில் நிற்பேன். வெட்கமாக இருக்கிறது என்ற அந்த வார்த்தையைச் சொல்லும்போது உன் குரல் நடுங்கக் கூடாது. நடுங்கினால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

உன் அம்மா